போர்ட்டில ஒட்டுற காந்தத் தூளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால கண்டுபிடிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில போன், இன்வர்ட்டர், மெஷின் கொன்ட்ரோல் போர்ட் திருத்துற ஆள். இதுக்கு முதல் சில வருஷம் கொழும்புப் பக்கம் ஒரு லெப்ல எஸ்இஎம் மெஷின், அதாவது ஸ்கேனிங் இலத்திரன் நுணுக்குக்காட்டி, அதில வேலை செஞ்சனான். காத்தான்குடி, செங்கலடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எல்லாப் பக்கத்தாலயும் திருத்துற தம்பிமார் கோல் எடுத்து சர்க்கிட் போர்ட்டில ஒட்டுற காந்தத் தூள், அதாவது காந்தத்துக்கு ஒட்டுற சின்னச் சின்ன இரும்புத் தூள், அதைப் பற்றியே ஒரே கேள்விகளைத்தான் கேக்கிறாங்க, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிப் போடுறன். வாசிக்கிறதுக்கு முதல் ஒண்டு மட்டும் மனசில வையுங்க: போர்ட்டைக் கழட்டின உடனே புளோவரால ஊதாதீங்க. ஊதினா சாட்சியா எடுக்க வேண்டிய தூளே பறந்திடும்.

காந்தத் தூள் சாதாரண தூசியை விட ஏன் மோசம்?

சாதாரண தூசி விழுந்த இடத்தில கிடக்கும். காந்தத் தூள் இடம் தேடிப் போகும். ஸ்பீக்கர், ரிலே, சின்ன மோட்டர், இண்டக்டர், எங்கெல்லாம் காந்தப்புலம் இருக்கோ அங்க போய் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி சங்கிலி மாதிரி எழும்பி நிக்கும். 0.5 மில்லிமீற்றர் பிட்ச் (ஒரு கால்ட நடுவில இருந்து அடுத்த கால்ட நடு வரைக்கும் உள்ள தூரம்) ஐசி ஒண்டில காலுக்கும் காலுக்கும் நடுவில இருக்கிற வெளி 0.3 மில்லிமீற்றர் கூட வராது, 30 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றர்ல ஆயிரத்தில ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) தூள் பத்து வரிசையா நிண்டாப் போதும், பாலம் போட்டு ஷோர்ட் ஆகிடும். எங்கட தலைமயிரே 70 மைக்ரோன் அளவு மொத்தம், அப்ப 30 மைக்ரோன் எண்டா கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாக் கூட ஒழுங்காத் தெரியாது. இதை விட போன்ல ஸ்பீக்கர் கரகரக்கும், திசைகாட்டி பிழையாக் காட்டும். தூசி துடைச்சாப் போகும், இது துடைச்சா அடுத்த காந்தப் பாகத்துக்கு நகரும்.

எங்கட ஊரில இது எங்க இருந்து வருது?

முதல் இடம் கிரைண்டரும் வெல்டிங்கும். கேட் அடிக்கிற கடைக்குப் பக்கத்தில போன் கடை இருந்தா நிச்சயமாத் தூள் வரும். ரெண்டாவது, ஆக்கள் நினைக்கவே மாட்டாங்க, போட்டோகொப்பி மெஷின்ட டோனர். எங்கட கொமினிகேஷன் கடைகள்ல ரீலோட், போட்டோகொப்பி, போன் திருத்துற மேசை எல்லாம் ஒரே அறைக்குள்ள. சில வகைக் கறுப்பு டோனருக்குள்ள மக்னடைட் எண்ட காந்த இரும்பு ஒட்சைட்டு கலந்திருக்கும், காந்தத்துக்கு ஓடி வரும். மூண்டாவது கடற்காத்தில துருப்பிடிச்ச இரும்புப் பொருள் உதிர்றது. நாலாவது உடைஞ்ச காந்தம், உடைஞ்ச ஃபெரைட் கோர், அதாவது கொயிலுக்குள்ள இருக்கிற கறுப்புக் காந்தக் கட்டி. கடைசியா எங்கட ட்வீசரும் ஸ்குரூ டிரைவரும், அதுகள் காந்தமாகிப்போனா ஒரு போர்ட்டில இருந்து அடுத்ததுக்கு நாங்களே காவிக்கொண்டு போறம்.

கடற்கரைக் கறுப்பு மண் காந்தத்துக்கு ஒட்டுதே, அது போனுக்குள்ள போகுமா?

போகும். கல்லடிக் கடற்கரையில காலமை நடந்து பாத்தா அலை விட்டுப்போன கோடு சில இடத்தில கறுப்பா இருக்கும். அதில இருக்கிற பாரமான கனிமங்கள்ல ஒண்டு இல்மனைட், புல்மோட்டையில தோண்டி எடுக்கிறாங்களே அதே சாமான். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேந்தது. சும்மா காந்தத்துக்கு லேசாத்தான் அசையும், பலமான காந்தத்துக்கு ஒட்டும், போன் ஸ்பீக்கருக்குள்ள இருக்கிறது நியோடிமியக் காந்தம், அது பலமானதுதான். கூட மக்னடைட் மணியும் இருந்தா அது நல்லாவே ஒட்டும். எஸ்இஎம்ல பாக்கேக்க இரும்போட டைட்டேனியம் கிட்டத்தட்டச் சரிபாதி வந்து, மணி மூலை தேஞ்சு வழவழப்பா இருந்தா, அது மண். ஃபெக்டரியைக் குறை சொல்லத் தேவையில்ல.

வெறும் காந்தத்தைப் பிடிச்சுப் பாத்தாப் போதாதா, எதுக்கு எஸ்இஎம்?

காந்தம் "ஒட்டுது" எண்டு மட்டும்தான் சொல்லும், என்ன சாமான், எங்க இருந்து வந்தது எண்டு சொல்லாது. மற்றது, போர்ட்டில இருக்கிற நல்ல பாகங்களே காந்தத்துக்குப் பாயும். சின்ன சிப் கெப்பாசிட்டர்ட ரெண்டு முனையிலயும் வெள்ளீயத்துக்குக் கீழ நிக்கல் படை ஒண்டு இருக்கு, அதால காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனா துள்ளி ஒட்டும். கன ரெசிஸ்டர், டயோட்ட கால் உள்ளுக்க உருக்குக் கம்பி, மேல செம்பும் ஈயமும் பூசினது. சில ஐசிட கால் இரும்பு-நிக்கல் கலப்பு. இதெல்லாம் அழுக்கு இல்ல, அதுகள்ட பிறப்பே அப்பிடி. இது தெரியாம ஒரு தம்பி நல்ல போர்ட்டைப் பழுது எண்டு ஒதுக்கி வச்சதைப் பாத்திருக்கன், அதாலதான் இதை எழுதிறன்.

எஸ்இஎம் எப்பிடி வேலை செய்யுது, சுருக்கமா?

காத்தை உறிஞ்சி எடுத்த ஒரு பெட்டிக்குள்ள இலத்திரன் கதிரை ஊசி மாதிரிக் கூராக்கி சாமானுக்கு மேல வரிசை வரிசையா ஓட விடுறது. திரும்பி வாற இலத்திரனை வச்சுப் படம் வரும். அதில ஒரு வகை மேற்பரப்பு மேடு பள்ளத்தைக் காட்டும். இன்னொரு வகை, மோதித் திரும்பி வாறது, அணுவெண் கூடின மூலகத்தை வெள்ளையாக் காட்டும். ஓலை, பிளாஸ்டிக், தோல் தூசி எல்லாம் கறுப்பாக் கிடக்க இரும்புத் துண்டு பளிச்செண்டு தெரியும், ராத்திரி வாவியில மீன்பிடிக்கிற லாம்பு தெரியிற மாதிரி. அதோட ஈடிஎஸ் எண்டு ஒரு கருவி பூட்டியிருக்கும், ஒவ்வொரு மூலகமும் விடுற எக்ஸ் கதிர்ட சக்தியை அளந்து இது இரும்பு, இது நிக்கல் எண்டு சொல்லும். கடையில விக்கிற எஸ்இஎம் முதல் முதல் வந்தது 1965ல, கேம்பிரிட்ஜ் ஸ்டீரியோஸ்கேன் எண்டு பேர். இண்டைக்கு மேசையில வைக்கிற சைஸ்லயும் வருது.

அப்ப அந்த மெஷின் "இது காந்தத் தூள்" எண்டு நேரா சொல்லுமா?

சொல்லாது. கன பேர் ரிப்போர்ட்டைப் பாத்து ஏமாறுற இடம் இதுதான். ஈடிஎஸ் சொல்றது இரும்பு இருக்கு எண்டு மட்டும். இரும்பு இருக்கிறதெல்லாம் காந்தம் இல்ல. துருவுக்குள்ளயே சில வகை காந்தத்துக்கு அசையாது, மக்னடைட் நல்லா ஒட்டும், ரெண்டிலயும் ஈடிஎஸ்ல தெரியிறது அதே இரும்பும் அதே ஒட்சிசனும்தான். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சும்மா இருக்கேக்க காந்தத்துக்கு ஒட்டாது, அதையே அரைச்சு, வளைச்சு, தேய்ச்ச பிறகு உள்ளமைப்பு மாறி ஒட்டத் தொடங்கும், மூலகக் கணக்கு ரெண்டிலயும் ஒண்டுதான், குரோமியம் 18, நிக்கல் 8 அளவில. உள்ளமைப்பைப் பிரிச்சுக் காட்ட ஈபிஎஸ்டி எண்டு வேற கருவி இருக்கு, எல்லா இடத்திலயும் இல்ல.

அதால காந்தமா இல்லையா எண்ட கேள்விக்குப் பதில் மெஷினுக்குள்ள போக முதலே எடுக்கணும். மாதிரி எடுக்கேக்கயே காந்தத்தால பிரிச்சு எடுத்தா "இந்தத் தூள் காந்தத்துக்கு வந்தது" எண்டு கையில சாட்சி இருக்கு, மறுகா எஸ்இஎம் அது என்ன சாமான் எண்டு சொல்லும். ரெண்டும் சேந்தாத்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு.

மாதிரி எப்பிடி எடுக்கிறது?

இதை ஆறுதலா வாசிங்க, முழு வேலையும் இதிலதான் கிடக்கு.

கழட்டின உடனே போட்டோ எடுங்க. எந்தப் பாகத்தில தூள் கூட, எந்தத் திசைக்கு நிக்குது எண்டு தெரியணும். மறுகா எஸ்இஎம்முக்குப் பாவிக்கிற அலுமினியப் பொத்தான், அரை அங்குல அகலம், மேல காபன் டேப் ஒட்டினது, அதைத் தூள் இருக்கிற இடத்தில மெதுவா ஒத்தி எடுங்க. தேய்க்கக் கூடாது. இது ஒண்டு.

ரெண்டாவது பொத்தானுக்குக் காந்தத்தால எடுக்கணும். காந்தத்தை வெறுமனே தூளில வச்சீங்க எண்டா அவ்வளவுதான், பிறகு அதில இருந்து தூளைப் பிரிக்கவே ஏலாது. காந்தத்தைப் புது பொலித்தீன் துண்டால சுத்திப் பிடிங்க, தூள் பொலித்தீன்ல ஒட்டும், காபன் டேப்புக்கு மேல கொண்டுபோய் உள்ள இருக்கிற காந்தத்தை மட்டும் மேல இழுங்க, தூள் டேப்பில கொட்டுண்டு விழும். நான் முதல் தரம் இதைச் செய்யேக்க அந்தத் தூள் பொலித்தீனுக்கு வெளியால முள்ளு முள்ளா எழும்பி நிண்டதும், காந்தத்தை எடுத்த நொடியில எல்லா முள்ளும் ஒரேயடியாச் சாஞ்சு விழுந்ததும் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மூண்டாவது பொத்தான் வெறும் டேப், எதுவும் தொடாதது. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. ஏன் எண்டா எஸ்இஎம்ல கதிரைக் கூராக்கிற லென்ஸே இரும்பில செஞ்சது, சிதறிப் போற இலத்திரன் அதில பட்டு ஒரு சின்ன இரும்புச் சிக்னல் வரும், வெறும் டேப்பிலயும் வந்தா அது உங்கட தூள் இல்ல.

தண்ணியால கழுவாதீங்க, ஐசோபுரோபைல் அல்ககோலைத் தவிர வேற ஒண்டும் வேண்டாம். எங்கட உப்புக் காத்தில புது இரும்புத் தூள் கெதியாத் துருப்பிடிக்கும், லெப்புக்குப் போய்ச் சேரேக்க ஒட்சிசன் கூடக் காட்டும், பழைய துரு எண்டு பிழையா முடிவெடுப்பாங்க. சிலிக்கா ஜெல் பைக்கட்டோட மூடின டப்பாவில வச்சு, திகதியும் எடுத்த இடமும் எழுதுங்க.

எஸ்இஎம்ல ஒரு தூளைப் பாத்து எங்க இருந்து வந்தது எண்டு எப்பிடிச் சொல்றது?

மூலகத்தை விட வடிவம் கூடக் கதைக்கும். கிரைண்டர்ல பறக்கிற தீப்பொறி இருக்கே, ஒவ்வொண்டும் உருகின இரும்புத் துளி, காத்தில எரிஞ்சு குளிரேக்க உருண்டையாகும். எஸ்இஎம்ல பெருசாக்கிப் பாத்தா அச்சா உருண்டை, மேல பின்னல் பின்னலா மரக்கிளை மாதிரி வடிவம், சிலது உள்ளுக்க வெறுமையா, முட்டைக்கோது மாதிரி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கும். லேத்தில, துளைக்கிற மெஷின்ல வந்தது சுருள் சுருளா இருக்கும். துரு எண்டா தட்டுத் தட்டா உரிஞ்சு, கூடவே சோடியம், குளோரின், எங்கட கடல் உப்பு. டோனர் எண்டா 5 தொடக்கம் 10 மைக்ரோன், காபன் கூட, உள்ளுக்க இரும்பு ஒட்சைட்டுப் புள்ளிகள் வெள்ளையாத் தெரியும், மேல சிலிக்காப் பொடி. ஃபெரைட் கோர் எண்டா இரும்போட மங்கனீசும் சிங்கும், இல்லாட்டி நிக்கலும் சிங்கும், கூர்மூலையா உடைஞ்சிருக்கும். காந்தத் துண்டு எண்டா நியோடிமியம் காட்டும், அதில போரோனும் இருக்கு, ஆனா அதை ஈடிஎஸ்ல பிடிக்கிறது கஷ்டம், நியோடிமியத்தையும் இரும்பையும் வச்சே முடிவெடுக்கலாம்.

நேரடியா நடந்த ஒரு கதை சொல்லுங்களேன்?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்க வேலை செய்யிற முஸ்லிம் அண்ணர் ஒருத்தர், காக்கா எண்டுதான் கூப்பிடுறது, கொன்ட்ரோல் போர்ட் ஒண்டு கொண்டு வந்தார், ரிலேயை ஓட்டுற ட்ரான்சிஸ்டர் மூண்டு தரம் எரிஞ்சு மூண்டு தரமும் மாத்தியாச்சு. ஒவ்வொரு தரமும் திருத்தினவங்க நல்லா பிரஷ் போட்டுக் கிளீன் பண்ணித்தான் குடுத்திருக்காங்க. காக்கா சொன்னார், "தவிட்டுத் தூசி தம்பி, ஆலை எண்டா அப்பிடித்தான்". தவிடு கரண்ட் கடத்தாது எண்டு எனக்குக் குறுகுறுத்துது. ரிலேக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாத்தன், தவிட்டுக்கு நடுவில கறுப்பா மயிர் மாதிரி ஒரு வரிசை, ரிலேட அடிப்பக்கத்தை நோக்கி எல்லாம் ஒரே திசையில சரிஞ்சு நிக்குது.

பொலித்தீன் காந்தத்தால எடுத்து லெப்ல போட்டுப் பாத்தம். உருண்டை, உருண்டை, உருண்டை. 20ல இருந்து 60 மைக்ரோன், இரும்பும் ஒட்சிசனும் கொஞ்சம் மங்கனீசும். அது மட்டுமெண்டா வெல்டிங்கா கிரைண்டரா எண்டு சொல்ல ஏலாது. ஆனா காந்தம் இல்லாம ஒத்தி எடுத்த மற்றப் பொத்தான்ல கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூரான துண்டுகள், அலுமினியமும் ஒட்சிசனும். கிரைண்டர் தட்டில பூசியிருக்கிற மணல் அதுதான். ரெண்டும் ஒரே இடத்தில கிடந்தா கிரைண்டர்தான், வேற கதை இல்ல. ஒத்தி எடுக்காம காந்தத்தால மட்டும் எடுத்திருந்தா அந்த அலுமினியம் வந்திருக்காது, அதாலதான் ரெண்டு பொத்தானும் எடுங்க எண்டு சொல்றன்.

போய்ப் பாத்தா கொன்ட்ரோல் பெட்டிட ஃபேன் காத்து இழுக்கிற பக்கத்துச் சுவருக்கு அங்கால ஆலைட சொந்த வேர்க்ஷொப், சல்லடையும் ஷாஃப்டும் அங்கதான் தேய்ப்பாங்க. ஃபேன் வாயை மற்றப் பக்கம் மாத்தி ஃபில்டர் போட்டம். அந்த ட்ரான்சிஸ்டர் அதுக்குப் பிறகு எரியல்ல. காக்கா இப்பவும் கண்டா அந்த உருண்டைப் படத்தைப் பற்றித்தான் கதைப்பார்.

காந்தத் தூளை எஸ்இஎம்முக்குள்ள வைக்கிறது ஆபத்தாமே?

ஓம், கவனமில்லாட்டி ஆபத்து. லென்ஸ் எண்டா பலமான மின்காந்தம், லூசாக் கிடக்கிற தூள் டேப்பை விட்டு எழும்பி லென்ஸ் வாயில போய் ஒட்டும். நான் வேலை பழகின காலத்தில அவசரத்தில டேப்பில கூடத் தூளைக் கொட்டி உள்ள வச்சிட்டன். அடுத்த நாள் எந்தச் சாம்பிளைப் போட்டாலும் படம் ஒரு பக்கம் இழுபட்ட மாதிரி, எவ்வளவு சரிப்பண்ணினாலும் கூர் வரல்ல. மெஷினைத் திறந்து துடைக்கிற வரைக்கும் வேலை நிண்டுது, மற்றவங்கட சாம்பிள் எல்லாம் வரிசையில கிடந்தது, அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கல்ல.

அதால பொத்தானை உள்ள வைக்க முதல் கவிழ்த்துப் பிடிச்சு றப்பர் புளோவரால ஊதுங்க, மறுகா பலமான காந்தம் ஒண்டை அதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தூளும் எழும்பல்ல எண்டு பாருங்க. ஊதலாம் எண்டு நான் சொல்றது இந்த ஒரு இடத்தில மட்டும்தான். லெப் ஆக்களிட்ட இது காந்தத் தூள் எண்டு முதலே சொல்லுங்க, லென்ஸுக்குத் தூரமா வைப்பாங்க, காந்தப்புலம் சாம்பிள் வரைக்கும் இறங்குற மோடைப் பாவிக்க மாட்டாங்க.

கோல்ட் கோட்டிங்கா காபன் கோட்டிங்கா? எத்தனை கிலோவோல்ட்?

மெஷினுக்குள்ள வைக்க முதல் சாம்பிளுக்கு மேல பூசுற மெல்லிய படையைத்தான் கேக்கிறீங்க, காபன். தங்கம் பூசினா அதிட சிக்னல் பொஸ்பரசுக்கும் சல்பருக்கும் நடுவில வந்து குழப்பும். இலத்திரன் கதிரை ஓட விடுற வோல்ட் 15 கிலோவோல்ட் அல்லது 20 கேளுங்க, இரும்புட முக்கிய எக்ஸ் கதிர்க் கோடு 6.4 கிலோ இலத்திரன்வோல்ட்டில இருக்கு, அதை எழுப்ப 7.1க்கு மேல வேணும். ஆனா 15ல கதிர் இரும்புக்குள்ள ஒரு மைக்ரோன் அளவு இறங்கும், தூள் அதை விடச் சின்னன் எண்டா கீழ இருக்கிற சாமானும் சேந்து காட்டும், செம்புத் தடத்துக்கு மேல இருக்கிற தூளை "செம்பு கலந்த இரும்பு" எண்டு எழுதின ரிப்போர்ட் எனக்கு வந்திருக்கு.

ரிப்போர்ட்டில கோபால்ட் எண்டு வந்திருக்கு, பயப்படணுமா?

முதல்ல இரும்பு கூட இருக்கா எண்டு பாருங்க. இரும்புட ரெண்டாவது கோடு 7.06, கோபால்ட்ட முதல் கோடு 6.93, ரெண்டும் பக்கத்தில பக்கத்தில, கருவியால ஒழுங்காப் பிரிக்க ஏலாம சொஃப்ட்வெயார் தானாக் கோபால்ட் எண்டு எழுதிப்போடும். 7.65ல கோபால்ட்ட ரெண்டாவது கோடும் இருந்தா மட்டும் நம்புங்க.

முழுப் போர்ட்டையும் உள்ள வைக்கலாமா?

சின்னதெண்டா வைக்கலாம். பெட்டரி பூட்டியிருந்தா வேண்டவே வேண்டாம், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் கழட்டிட்டு வையுங்க, உள்ள வெற்றிடம்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே முறைதானா?

கொள்கை ஒண்டு, கை வைக்கிறது வேற. அதில டேட்டா வாசிக்கிற ஹெட், சுத்துற தட்டுக்கு மேல சில நானோமீற்றர் உயரத்திலதான் பறக்குது, ஒரு மைக்ரோன் தூளே அதுக்கு மலை. உள்ளுக்க ஹெட்டை ஆட்டுற நியோடிமியக் காந்தத்துக்கு மேல நிக்கல் பூச்சு, அது உரிஞ்சா காந்தத் துகள் உள்ளுக்கயே சுத்தும். அந்த ஃபெக்டரிகள்ல பாகத்தைத் திரவத்தில அல்ட்ராசோனிக்கால கழுவி, அந்தத் திரவத்தை வடிகட்டி, வடிதாளை எஸ்இஎம்ல வச்சு மெஷினே ஆயிரக்கணக்கில தூளை எண்ணும். கடை மேசையில ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காதீங்க, டேட்டா முக்கியமெண்டா கட்டாயம் திறக்காதீங்க.

லெப்புக்கு எங்க போறது?

ஹோமாகமையில இருக்கிற ஸ்லின்டெக் எண்ட நானோ தொழில்நுட்ப நிறுவனத்தில இலத்திரன் நுணுக்குக்காட்டி இருக்கு, பேராதனை, மொறட்டுவை மாதிரிப் பெரிய கம்பஸ்களிலயும் கேக்கலாம். போறதுக்கு முதல் ஈடிஎஸ் இருக்கா, காந்தச் சாம்பிள் எடுப்பாங்களா எண்டு போன்ல கேளுங்க. போர்ட்டைக் காவிக்கொண்டு போகத் தேவையில்ல, மூண்டு பொத்தானும் ஒரு தீப்பெட்டி அளவு டப்பாக்குள்ள அடங்கும், உதயதேவி ரயில்ல ஏறினா மடியில வச்சே கொண்டுபோகலாம்.

நான் ஏற்கனவே ஊதிட்டன், இனி என்ன செய்யிறது?

எல்லாம் போயிருக்காது. ஊதினாப் போறது லூசாக் கிடந்தது மட்டும். ரிலேக்குக் கீழ, ஷீல்டு மூடிட உள் மூலையில, ஸ்பீக்கர் வலைக்குப் பின்னால, ஈயம் வச்ச இடத்தில கழுவாம விட்ட ஃபிளக்ஸ்ல, ஸ்குரூ தலைட வெட்டுக்குள்ள தேடுங்க. ஃபிளக்ஸ்ல ஒட்டினதுதான் நல்ல சாட்சி, அது அந்த இடத்திலயே வந்து விழுந்தது எண்டு தெரியும். நீங்க பாவிச்ச பிரஷ்ட மயிரையும் காபன் டேப்பில தட்டி எடுங்க, ஆனா அதில பழைய போர்ட்டுகள்ட தூளும் இருக்கும், அதால "பிரஷ்" எண்டு தனியா எழுதி வையுங்க, போர்ட் சாம்பிளோட கலக்காதீங்க.